ஆளில்லாத சஹன்

போன கிழமை நம்முடைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். வெள்ளைப் பீங்கானில் ஆறிப்போன ஆட்டிறைச்சித் துண்டு. கீழே விளக்கம். ஒருவருக்கு முகம் கொடுக்காமல் ஒதுக்குவதை இங்கிலீசில் 'கோல்ட் ஷோல்டர்' கொடுப்பது என்பார்களாம். குளிர்ந்த தோள். வேண்டாத விருந்தாளி வீட்டுக்கு வந்தால், சூடாக எதுவும் கொடுக்காமல், முந்திய நாள் மிஞ்சிய ஆட்டின் தோள் இறைச்சியை ஆறியபடியே கொண்டுவந்து வைப்பார்களாம். வந்தவர் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாராம். அதிலிருந்து வந்ததாம் அந்தப் பேச்சு.

உடனே கைதட்டுகிற படங்களும் பூக்களும் வந்து குவிந்தன. 'அருமையான தகவல்' என்று நாலைந்து பேர் எழுதினீர்கள். நம்மில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து பென்சன் எடுத்தவர் மட்டும் மறுத்தார். இறைச்சிக் கதை பிறகு யாரோ கட்டிவிட்டது, இருநூறு வருஷத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரின் எழுத்தில்தான் அந்தச் சொல் முதலில் காணக் கிடைக்கிறது, அங்கே இறைச்சியும் இல்லை, விருந்தும் இல்லை, ஆளைக் கண்டதும் தோளைத் திருப்பிக்கொள்வதுதான் அதன் பொருள் என்றார். அவருக்கும் ஒரு பூ வந்தது.

எனக்குக் குமட்டியது. படத்தில் இருந்த அந்தக் கொழுப்பு, ஓரத்தில் வெள்ளையாகத் திரண்டிருந்த விதம், எனக்கு நன்றாகத் தெரிந்தது. போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். இந்த வயதில் இதற்கெல்லாம் குமட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். நான் சொல்லப்போகிற கந்தூரி விருந்துக்கு உங்களில் பலருடைய வாப்பாமாரும் வந்திருந்தார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் 'கோல்ட் ஷோல்டர்' பேச்சை நான் முதன்முதலில் கேட்டது பெரிய மாமாவின் வாயிலிருந்து. உம்மாவின் மூத்த காக்கா. சவளக்கடைப் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் அவருடைய வயல். கல்முனையில் அவரைப் போடியார் என்பார்கள், பள்ளிவாசலில் எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காரும் அவர்தான். கொழும்பில் தங்கி இங்கிலீஷ் படித்தவர். ஜும்ஆ தொழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, வாப்பாவின் சாய்வுக் கதிரையில் சாய்ந்து, பித்தளைப் படிக்கத்தைக் காலால் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். அந்தப் படிக்கம் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. போனது நல்லது. அவர் துப்பும்போது அதன் விளிம்பில் சிவப்பாக வழியும், அதைக் கழுவி வைப்பது எனக்கு மூத்தவளான ராத்தாவின் வேலை.

அன்றைக்கு அவருடைய மகனும் கூட வந்திருந்தார். எங்களுக்கு மச்சான், ராத்தாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை. வாப்பா வயலில். மாமா எலும்பைத் தட்டி மூளையை உறிஞ்சிக்கொண்டே அந்த வெள்ளைக்காரர் கதையைச் சொன்னார். ராத்தா தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தவள் நின்று கேட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, கதை பிடித்திருந்தது.

"வந்தவன் கோவிச்சிச் சண்டைக்கு வர மாட்டானா மாமா?" என்று கேட்டேன்.

"எப்பிடிடி வருவான்? அவனுக்குச் சாப்பாடு குடுத்திரிக்கே. ஏசல்ல, அடிக்கல்ல. என்னத்தச் சொல்லிச் சண்டை புடிப்பான்?" என்று சிரித்தார். "அதுதான் படிச்சவன்ட வேலை."

மச்சானும் சிரித்தார். அழகான சிரிப்பு. அந்தக் காலத்தில் ராத்தா அந்தச் சிரிப்புக்காக ஜன்னலடியில் எவ்வளவு நேரமும் நிற்பாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வாப்பா எங்கள் வளவின் பின்பக்கத்தில் ராத்தாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி, கூரை போடாமல் நின்றது. கச்சான் காற்று வீசும்போது அந்த வெறும் அறைகளுக்குள் மணல் சுழலும். ராத்தா பின்னேரங்களில் அங்கே போய், எந்தப் பக்கம் கட்டில், எந்தப் பக்கம் அலுமாரி என்று காலால் கோடு போட்டுப் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே மச்சானுக்கென்று பேசி வளர்ந்தவள். வேறு ஒருவரை அவள் நினைத்தும் பார்த்ததில்லை.

அந்தக் கோடைப் போகத்தில்தான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. வாப்பா எங்கள் வாய்க்காலுக்கு வட்டவிதானை. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பிரித்து விடுகிற பொறுப்பு. குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது, பயிர் கதிர் கட்டுகிற குடலைப் பருவத்தில் நின்றது. அந்த நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதர். மாமாவின் வயல் வாய்க்காலின் தலைப்பில். அவருடைய முறை முடிந்த பிறகும் அவருடைய ஆட்கள் வயலுக்குள் தண்ணீர் பாய்கிற வக்கடையை அடைக்கவில்லை. கடைசியில் இருந்தவர்களின் வயல் வெடித்துக் கிடந்தது. அதில் நம் ஊர்க்காரரும் இருந்தார்கள், பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக்காரரும் இருந்தார்கள். வாப்பா போய், மண்வெட்டியால் தானே மண் வெட்டிப் போட்டு மாமாவின் வக்கடையை அடைத்துவிட்டு வந்தார். கால் முட்டு வரை சேறு. உம்மா கண்டுவிட்டுப் பயந்துபோனா.

"காக்காக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செஞ்சிரிக்கலாமே?"

"முறை முடிஞ்சா அடைக்கிறதுதானே. அவருக்குத் தெரியாதா?" என்றார் வாப்பா.

மாமா சண்டைக்கு வரவில்லை. ஆள் அனுப்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் முழுக்க எங்கள் வாப்பாவைப் பார்க்காமல் விட்டது.

எப்படிப் பார்க்காமல் விட்டார்கள் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். சலாம் சொன்னால் பதில் வரும். பதில் சொல்லாவிட்டால் பாவமல்லவா, அதில் கவனமாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பதில் வாப்பாவுக்குப் பின்னால் இருக்கிற சுவருக்குச் சொல்லப்படும். தேத்தண்ணிக் கடையில் வாப்பா போய் உட்கார்ந்த வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கு உடனே ஏதோ வேலை ஞாபகம் வரும். பள்ளியில் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழ வேண்டும் என்கிறோம். வருஷக் கணக்காக வாப்பாவின் பக்கத்தில் நின்றவர் பின் வரிசைக்குப் போய் நின்றார். உம்மா மாமி வீட்டுக்கு ஒரு கோப்பையில் பலகாரம் கொடுத்துவிட்டா. கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது, சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று கழுவி. கொடுத்தனுப்பின கோப்பையை வெறுங்கோப்பையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டா? ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. மணந்து பார்த்தா என்றுகூட நினைக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும் விட அருவருப்பானது இதுதான். யாருடைய வயலுக்கு வாப்பா தண்ணீர் விட்டாரோ அவர்களும் விலகிப்போனார்கள். பயிர் பச்சையாக நின்றது, நெல் பால் பிடித்தது, ஆனால் அறுவடைக்கு மாமாவின் டிராக்டர் வேண்டுமே. வாப்பா சைக்கிளில் வருவதைக் கண்டால் வாய்க்கால் கட்டில் நின்றவர்கள் குனிந்து புல் பிடுங்கினார்கள். இல்லாத புல்லையும் பிடுங்கினார்கள்.

வாப்பா மெலிந்துபோனார். ராத்தா அலுமாரிக் கோடு போடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மச்சான் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை அசையவில்லை. "பெரியவங்கட சண்டைக்கு அவர் என்ன செய்வார்? நேரம் வந்தா வாப்பாட பக்கம்தான் நிப்பார், நீ பாரு" என்பாள். நான் கேட்காமலே சொல்வாள்.

அப்படியிருக்க, பள்ளி மோதினார் வந்து, மாமா வீட்டில் மௌலூது ஓதிக் கந்தூரி கொடுக்கிறார்கள், எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் இரத்தம் வந்தது.

"பாத்தீங்களா, காக்கா நம்மளைக் கைவிடல்ல. எல்லாம் தீந்திச்சி" என்று வாப்பாவின் வெள்ளைச் சேர்ட்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்தா. ராத்தா என் காதில், "மச்சான்தான் சொல்லியிரிப்பார்" என்றாள்.

பகல் விருந்து. மாமாவின் பெரிய வளவில் பந்தல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். ராத்தாவும் நானும் பாத்திரம் எடுக்கிற சாக்கில் அந்த மறைப்பின் மூலைக்குப் போய்விட்டோம். ஒரு கிடுகு விலகியிருந்தது. அவள் மேலே ஒரு கண், நான் கீழே ஒரு கண். நெய்ச்சோறு, இறைச்சி, ஈ, வேர்வை, அத்தர் எல்லாம் சேர்ந்த வாடை இந்தப் பக்கம் அடித்தது.

சஹன் என்றால் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்பது. அதில் ஏழை பணக்காரன் இல்லை, போடியார் கூலிக்காரன் இல்லை, எல்லோரும் ஒரு தட்டு என்று நாம் வெளியூராரிடம் பெருமையடிப்போம். வாப்பா வந்து, புற்பாயில் ஒரு சஹனடியில் இருந்தார். மலைபோலச் சோறு. அவர் தன் பக்கத்து ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வரட்டும் என்று காத்திருந்தார். ஆட்கள் வந்தார்கள். வந்து பார்த்தார்கள், அடுத்த சஹனுக்குப் போனார்கள். ஐந்து பேருக்கான தட்டில் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள், முழங்கால் மேல் முழங்கால் போட்டுக்கொண்டு. வாப்பாவின் தட்டைச் சுற்றிப் பாய் வெறுமையாகக் கிடந்தது.

நான் ஓடிப்போய் வாப்பாவோடு இருக்கப் பார்த்தேன். சின்னப் பிள்ளை ஆண்கள் பக்கம் போனால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாத. மச்சான் வாறார்."

உண்மையில் மச்சான் வந்துகொண்டிருந்தார். கையில் கெண்டி, மற்றவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. வாப்பாவின் சஹனுக்குக் கிட்ட வந்து நின்றார். கெண்டியைக் கீழே வைத்தார். வாப்பா நிமிர்ந்து, தட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இரிங்க மருமகன்" என்றார். ராத்தாவின் நகம் என் கையில் பதிந்தது.

அந்த நேரம் மாமா வந்தார். கையில் ஒரு பீங்கான். அதிலிருந்து ஆட்டின் முன்சப்பைத் துண்டொன்றை, அதே தோள் இறைச்சியை, எடுத்து, தன் கையாலேயே வாப்பாவின் பக்கத்துச் சோற்றில் வைத்தார். அது அன்றைக்குச் சமைத்ததல்ல. எல்லாச் சட்டியிலும் ஆவி பறக்கும்போது அது மட்டும் விறைத்துக் கிடந்தது. சூடான சோற்றின் மேல் அந்த வெள்ளைக் கொழுப்பு மெல்ல இளகி, விளிம்பில் சளிபோல ஒழுகத் தொடங்கியது. மாமா நிமிர்ந்து மகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மச்சான் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு, உதட்டுக்குள்தான். ஆனால் சிரித்தார். பிறகு பக்கத்துச் சஹனில் இடம் தேடி, வாப்பாவுக்குத் தோளைத் திருப்பிக்கொண்டு இருந்து, பிசைந்து தின்னத் தொடங்கினார்.

நம்முடைய வாத்தியாருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். இறைச்சியா, தோளைத் திருப்புவதா, எது முதல் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருங்கள். கல்முனையில் இரண்டும் ஒரே பாயில் நடந்தது.

வாப்பா எழும்பவில்லை. சோற்றுக்கு முன்னாலிருந்து எழும்புவது அவருக்கு வராது. பிஸ்மி சொல்லி, அந்தத் துண்டைப் பிய்த்து, தன் பக்கத்துச் சோற்றை மட்டும் ஒரு பருக்கை சிந்தாமல் தின்று முடித்தார். மற்றப் பக்கங்கள் குலையாமல் நின்றன. நான் மறைப்புக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். ராத்தா என் முதுகைத் தடவிவிடவில்லை. அவள் இன்னும் கிடுகின் இடைவெளியில்தான் நின்றாள்.

வீட்டுக்கு வந்த வாப்பா உம்மாவிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "உன்ட காக்கா தன்ட கையால எனக்குச் சப்பை எடுத்து வெச்சார்."

"நான் சொன்னனே" என்று உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா. வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தக் கதையும் தெரியாது. ஆனால் அவர் மடையர் அல்ல. மனைவியிடம் சொல்லக்கூடியதாக அந்தப் பகலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் வேறொருவரை வட்டவிதானை ஆக்கினார்கள். மாமா சொன்னபடி கேட்கிற ஆள். மறுநாளே ஊருக்குக் கண் தெரிந்துவிட்டது. தேத்தண்ணிக் கடை வாங்கில் வாப்பாவுக்கு ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். மாமா வெற்றிலை வட்டாவோடு வந்தார். கூரை போடட்டாம், நிக்காஹ்வை நாள் பார்த்து வைப்போமாம். உம்மா சந்தோஷத்தில் அழுதா. வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "புள்ளயக் கேளுங்க" என்றார்.

கேட்டார்கள். அறைக்குள் போய், மாமியும் சாச்சியும் நின்று, "சம்மதமா மகள்?" என்று கேட்டார்கள். ராத்தா ஒன்றும் பேசவில்லை. மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் பேசவில்லை. குமர்ப்பிள்ளையின் மௌனம் சம்மதம் என்பது நமக்கு எழுதாத சட்டம். வெளியே வந்து, "ஓமாம்" என்று சொன்னார்கள். குரவை போட்டார்கள். பேசாமல் விடுவதால் ஒரு மனிதனைச் சாகடிக்கலாம் என்று தெரிந்த ஊர், அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. கலியாணச் சஹனில் வாப்பாவைச் சுற்றி அத்தனை பேரும் இருந்தார்கள். ஒரே தட்டில் அத்தனை கைகளும் முங்கி எழும்பியதைப் பார்த்த பிறகு இன்றுவரை நான் சஹனில் சாப்பிட்டதில்லை. எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ராத்தா மச்சானோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினாள். மூன்று பிள்ளைகள். ஏச்சுப் பேச்சு இல்லை. நேரம் தவறாமல் சூடாகச் சமைத்து, பாய் விரித்து, கெண்டியில் தண்ணீர் வைத்து, அவர் தின்று எழும்பும்வரை வாசலில் நிற்பாள். அவரோடு இருந்து ஒரு பிடி தின்றதில்லை. அவர் தின்ற தட்டில் கை வைத்ததில்லை. பெருநாளில் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தாலும், "நீங்க தின்னுங்க, எனக்குப் பசியில்ல" என்பாள். ஊருக்கு இது பெரிய பெருமை. புருஷனுக்கு என்ன மரியாதை, இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று, அவளை மற்றப் பெண்களுக்கு உதாரணம் காட்டினார்கள். மச்சானும் சிநேகிதர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது நான் போய் நின்றேன். ராத்தா சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு வாய் கோணியிருந்தது, பாதி வெளியே வழியும், இவள் துடைப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. திடீரென்று அவர், "நீயும் ஒரு வாய் வெய்யன் புள்ள. இனி எப்ப?" என்றார்.

"எனக்குப் பசியில்ல" என்று ராத்தா பீங்கானை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அவர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மச்சி, கடைசிக் காலத்திலயும் மரியாதை."

என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை வருஷத்து ஊரின் பொய்யும் அந்தக் கோணல் வாயில் வழிவது போலிருந்தது.

"அது மரியாதை இல்ல மச்சான்" என்றேன். "கந்தூரியண்டைக்கு மறைப்புக்குப் பின்னால நாங்க ரெண்டு பேரும்தான் நிண்டம். மாமா சப்பை வெச்சதையும் கண்டம். நீங்க சிரிச்சதையும் கண்டம்."

அவர் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று விளங்காதவர்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் இருந்தார், யாரோடும் கதைக்கவில்லை.

நான் கிணற்றடிக்குப் போய் ராத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். மச்சானுக்கு இத்தனை காலமும் காரணம் தெரியாது, மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றேன். அவள் கழுவிக்கொண்டிருந்த பீங்கான் கையிலேயே நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தெரியாதா?" என்று கேட்டாள். "அவருக்குத் தெரியும் எண்டுதானே புள்ள, இவ்வளவு காலமும் நான் பசியோட நிண்டன்."